அப்படியொரு புலி பதிவில் இல்லை

ஒரு காட்டில் கணினி வந்த பிறகு புலி வேட்டையாடுவதை நிறுத்திவிட்டது.

அதற்கு முன்னால் எல்லாம் பழைய வழக்கப்படிதான் நடந்தது. பசித்தால் புலி புதரிலிருந்து பாயும். அகப்பட்டது போகும், மற்றவை ஓடும். இதில் நியாயமே இல்லை என்று மான்கள் நலச் சங்கத்தின் தலைவர் வீரபாகு என்ற கடமான் கூட்டம் போட்டுப் பேசிவந்தார். ஓடத் தெரிந்தவனுக்கு ஒரு சட்டம், நொண்டிக்கு ஒரு சட்டமா என்று கேட்டார். புலிக்கும் வயதாகி முழங்கால் வலி வந்திருந்தது. ஆகவே இரு தரப்பும் மகிழ்ச்சியோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன.

காட்டிலுள்ள உயிர்கள் எல்லாம் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுகள் தூரத்து மலையுச்சியில், குளிர்ந்த குகைக்குள் வைத்த ஒரு சர்வரில் இருக்கும். தினமும் மாலையில் காட்டு அலுவலகத்திலிருந்து சர்வரிடம் ஒரே ஒரு கேள்வி போகும்: 'இன்று யார்?' சர்வர் ஒரு பெயரைச் சொல்லும். பெயருக்குரியவர் குளித்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். துரத்தல் இல்லை, கூச்சல் இல்லை. இப்படியொரு நேர்மையான நிர்வாகத்தைப் பார்த்ததே இல்லை என்று விலங்குகள் பாராட்டின. குறிப்பாக, பெயர் வராத விலங்குகள்.

கேள்வியைத் தட்டி அனுப்பும் வேலை கோமளவல்லி என்ற முள்ளம்பன்றியுடையது. பெயர் வைத்தவர்கள் அவளை நன்றாகப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். பதற்றம் வந்தால் அவளுடைய முட்கள் விறைத்துக்கொள்ளும். அவள் உட்காரும் நாற்காலியின் முதுகெல்லாம் ஓட்டை. பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ஆனால் அலுவலக ஊழியர்களின் பெயரும் அவர்கள் குடும்பத்தார் பெயரும் தேர்வில் சேராது என்றொரு விதிவிலக்கு இருந்தது. வீட்டில் கணவனும் இரண்டு குட்டிகளும் இருந்தார்கள். அந்த விதிவிலக்குக்காகவே அவள் தட்டச்சு கற்றுக்கொண்டாள்.

ஒரு மாலை அவள் வழக்கம்போலக் கேள்வியை அனுப்பினாள். பெயர் வரவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: 'எதிர்பாராத பிழை. சிறிது நேரம் கழித்து முயலவும்.'

சிறிது நேரம் கழித்து முயன்றாள். அதே வரி. கணினியை அணைத்துப் போட்டாள். அதே வரி. கம்பியைப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினாள். அதே வரிதான், இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரமாக வந்தது.

செயலாளர் நரி அறைக்குள் எட்டிப் பார்த்தது.

"என்ன கோமளம், இன்னுமா பேர் வரலை? மகாராஜா இலை போட்டு உக்காந்திருக்கார்."

"சர்வர்ல ஏதோ பிழைங்க ஐயா."

"என்ன பிழை?"

"எதிர்பாராத பிழையாம்."

"நாமதான் எதிர்பாக்கலை. அதுவுமா எதிர்பாக்கலை?" என்று கேட்டுவிட்டு நரி வாசலிலேயே நின்றது. பக்கத்து இருக்கைக்கு வர அதற்கும் பயம்.

கோமளவல்லி வேறு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தாள். காட்டில் எத்தனை குளங்கள்? உடனே பதில் வந்தது. வீரபாகுவின் வயது என்ன? வந்தது, அவர் மேடையில் சொல்வதைவிட அதிகமாகவே வந்தது. கம்பி சரி, கடவுச்சொல் சரி, சர்வரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. 'இன்று யார்?' என்று கேட்டால் மட்டும் அதற்கு வாய் வரவில்லை.

உதவி மையத்துக்குப் போன் செய்தாள். மைனா ஒன்று பேசியது.

"வணக்கம் மேடம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"மறுபடி ஒரு தடவை பாத்துடுங்க மேடம்."

"அதையும் பாத்துட்டேன்மா."

"அப்ப உங்க புகாரை மேல அனுப்பிட்டேன்."

"மேலன்னா எங்கே?"

"மேலதான் மேடம்," என்று மைனா அன்போடு சொல்லி வைத்துவிட்டது.

அன்று புலிக்குப் பழைய எலும்பைக் கொடுத்துச் சமாளித்தார்கள். நரி திரும்பி வந்து தாழ்ந்த குரலில் சொன்னது: "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேர் வரணும். வரலேன்னா கைமுறைதான்."

மற்ற இடங்களில் கைமுறை என்றால் பேனாவும் காகிதமும். இந்தக் காட்டில் அது புலியின் கை. செய்தி பரவியதும் அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வீரபாகு கொம்பை ஆட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

"இதென்னம்மா அநியாயம்? சர்வர் சரியா இருந்தா யாரோ ஒருத்தர் போவாங்க. கைமுறைன்னா நாமகூடப் போகவேண்டியிருக்குமே!"

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்," என்றாள் கோமளவல்லி. முட்கள் எல்லாம் விறைத்து நின்றன. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

மறுநாள் காலையிலேயே அவள் மலையேறினாள். சர்வர் குகைக்குக் காவலாக இருந்தது ஒரு தேவாங்கு. பெரிய கண்களோடு அது திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் மூச்சு வாங்கி முடித்து, தண்ணீரும் குடித்துவிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"கடைசியா... என்ன... மாத்தினீங்க?" என்று தேவாங்கு கேட்டது.

"ஒண்ணுமே மாத்தலையே."

"எல்லாரும்... அப்படித்தான்... சொல்லுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தாள். சமீபத்தில் ஓர் அரச உத்தரவு வந்திருந்தது. உழைக்கிற இளசுகளைச் சர்வர் தேர்ந்தெடுப்பது காட்டின் வளர்ச்சிக்குக் கேடு என்று வீரபாகுவின் சங்கம் மனுக் கொடுத்திருந்தது. அதை ஏற்று நரி உத்தரவு எழுதியது, புலி படித்துப் பார்க்காமல் பாதமுத்திரை வைத்தது. வயது முதிர்ந்தவர், வேலை எதுவும் செய்யாதவர், உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிறவர் ஆகியோருக்கு இனி முன்னுரிமை. கோமளவல்லி அதைக் கேள்வியோடு ஒரு வரியாகச் சேர்த்திருந்தாள். அதற்கப்புறம் அனுப்பிய முதல் கேள்விக்குத்தான் பிழை வந்தது.

"ஒரு வரி சேர்த்தேன்," என்றாள் மெதுவாக.

தேவாங்கு தலையாட்டியது. உள்ளே போய், சர்வர் தனக்குத்தானே எழுதிவைக்கும் குறிப்புகளைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பியது. அங்கே இப்படி இருந்தது: 'விதிகளுக்குப் பொருந்துவோரில் முதலிடம் ஒருவருக்கு. பெயர்: புலி. சாப்பிடுபவர்: புலி. இருவரும் ஒருவரே. என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதிர்பாராத பிழை என்று சொல்லிவிடலாம்.'

கோமளவல்லி மூன்று தடவை படித்தாள். திறப்பு விழா அன்று புலிதான் முதல் ஆளாகக் காலை வைத்துப் பதிவு செய்துகொண்டது, எல்லாரும் கைதட்டினார்கள். புலியின் பெயருக்கு விதிவிலக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கும் அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"சர்வர் மேல... தப்பில்லைம்மா," என்றது தேவாங்கு. "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு. பாவம்... சொல்லப் பயம்."

அவள் மலையிறங்கி அலுவலகத்துக்கு வந்து நரியிடம் தனியாகச் சொன்னாள். நரி கதவைச் சாத்தித் தாழ் போட்டது.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க ஐயா. 'புலி நீங்கலாக'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா சரியாயிடும்."

"ஐயோ, வேண்டாம்! நீங்கலாகன்னு எழுதினா, எதுக்கு நீங்கலாகன்னு கேப்பாங்க. மகாராஜாவே கேப்பார். உத்தரவை எழுதினது யாருன்னும் கேப்பார்." நரி கொஞ்ச நேரம் வாலைத் தடவிக்கொண்டிருந்தது. "பதிவுலேர்ந்து அவர் பேரையே எடுத்துடுங்க. பேர் இருந்தாத்தானே வரும்?"

"எழுத்துல ஒரு உத்தரவு குடுத்தீங்கன்னா..."

"வாய்மொழி உத்தரவுதான் கோமளம். நான் சொன்னேன்னும் சொல்லக்கூடாது."

கணவனையும் குட்டிகளையும் நினைத்துக்கொண்டாள். பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டாள்.

'இன்று யார்?' என்று கேட்டதும் சர்வர் பெருமூச்சு விட்டதுபோல ஒரு பெயரைக் கொடுத்தது: சடையன். சேற்றிலேயே கிடக்கும் கிழட்டுக் காட்டுப்பன்றி. வாசலில் ஆரவாரம் கிளம்பியது. வீரபாகு கோமளவல்லிக்கு மாலை போட வந்து, முட்களைப் பார்த்துவிட்டு அதை மேசைமேல் வைத்தார். சடையனும் முறுமுறுக்கவில்லை, குளித்துவிட்டு வருவதற்குக் கொஞ்சம் அவகாசம் கேட்டார், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கால்ரேகை எந்திரம் ஒன்று உண்டு. உண்பவரோ உண்ணப்படுபவரோ, காலை வைத்தால்தான் உள்கதவு திறக்கும். அன்று கோமளவல்லி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். புலி வந்து காலை வைத்தது. எந்திரம் சொன்னது: "அப்படியொரு விலங்கு இந்தக் காட்டில் இல்லை."

புலி காலைத் துடைத்துவிட்டு வைத்தது. இல்லை. அடுத்த காலை வைத்தது. இல்லை.

"கொஞ்சம் அழுத்தி வையுங்க ஐயா," என்று கதவுக்கு அந்தப்பக்கமிருந்து சடையன் குரல் கொடுத்தார். "எனக்கும் முதல்ல எடுக்கலை. ஈரமா இருந்தா எடுக்காது."

புலி கோமளவல்லியைப் பார்த்தது. அவள் தரையைப் பார்த்தாள். புலியால் கதவை அறைந்து உடைத்திருக்க முடியும். ஆனால் பாய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பாய்வது எப்படி என்பது அதற்கு நினைவிருந்தது. யாரிடம் அனுமதி வாங்கிப் பாய்வது என்பதுதான் தெரியவில்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து புதுசா பதிவு பண்ணிக்குங்க மகாராஜா," என்றது நரி. "சின்ன வேலைதான்."

மறுநாள் பதிவு ஜன்னலுக்கு முன்னால் புலி வரிசையில் நின்றது. முன்னால் மான்கள், முயல்கள், ஒரு காட்டெருமை. புலி முன்னால் போகப் பார்த்தபோது ஒரு புள்ளிமான் திரும்பி, "எல்லாரும் காலையிலேர்ந்து நிக்கிறோம் சார், டோக்கன் வாங்கிட்டு வாங்க," என்றது. புலி போய் டோக்கன் வாங்கி வந்தது. வயிறு கடமுடவென்றது. மூக்குக்கு எதிரிலேயே புள்ளிமானின் பின்னந்தொடை. ஆனால் புலி கையிலிருந்த டோக்கனைப் பார்த்தது, பலகையில் மாறும் எண்ணைப் பார்த்தது, இன்னும் கொஞ்சப் பேர்தானே என்று பொறுத்துக்கொண்டது.

அதன் முறை வந்தது.

"பேருங்க?" என்றாள் கோமளவல்லி. கேட்காமல் இருக்க வழியில்லை; திரை அதைத்தான் கேட்டது.

"புலி."

"புதுப் பதிவுக்குக் காட்டோட புலி கையெழுத்துப் போட்டுத் தரணுங்க."

"நான்தாம்மா புலி."

"எனக்குத் தெரியுதுங்க ஐயா. சிஸ்டத்துக்குத் தெரியலையே."

"அப்ப நான் யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?"

"உங்ககிட்டத்தாங்க."

"நான் போடலாமா?"

"பதிவுல இருக்கிறவங்கதாங்க போடணும்."

புலி ஓரமாகப் போய் மதில் நிழலில் உட்கார்ந்தது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. தோல் தொங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு மத்தியானம் கோமளவல்லி தன் சாப்பாட்டிலிருந்து ஒரு கிழங்கை ஜன்னல் வழியாக நீட்டினாள். புலி அதை வாங்கி, உரித்துத் தின்ன வேண்டுமா அப்படியே தின்ன வேண்டுமா என்று கேட்டது. அவள் உரித்துக் காட்டினாள். எத்தனையோ பேரைத் தின்ற வாய்தான். ஆனால் அந்தப் பெயர்களை கேட்டு வாங்கியது தான்தான் அல்லவா என்றும் அவளுக்குத் தோன்றியது.

நரியிடம் போனாள். "பழையபடி சேத்துடலாங்க ஐயா. பாக்கச் சகிக்கலை."

"சேத்தா மறுபடி பிழை வரும். உத்தரவை மாத்தினாத்தான் வராது. உத்தரவை மாத்தப் புலி கையெழுத்து வேணும். புலி பதிவுல இல்லை." நரி இதைக் கவலையோடு சொன்னது போலத்தான் இருந்தது. "அதைவிடப் பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு, வெளியில பாருங்க."

வெளியே முற்றத்தில் சடையன் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால், ஒவ்வொரு மாலையும் பெயர் வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குளித்துத் தயாராக வந்து, சாப்பிட ஆளில்லாமல் நிலுவையில் நின்றவர்கள். வீட்டுக்கும் போக முடியாது, பெயர் வந்தாகிவிட்டது.

அன்று கூட்டம் கூடியபோது சடையன்தான் எழுந்து கேட்டார்: "சாப்பிட ஆளில்லேன்னா இந்தக் கேள்வியை நிறுத்திட்டு நாங்க எல்லாம் வீட்டுக்குப் போகலாமே?"

கோமளவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது நல்ல யோசனை என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் சொன்னது. கேள்வி இல்லாவிட்டால் கேள்வி கேட்கிறவளுக்கு வேலை ஏது, வேலை இல்லாவிட்டால் விதிவிலக்கு ஏது என்று இன்னொரு குரல் சொன்னது. ஆனால் தேர்வே இல்லாவிட்டால் எதிலிருந்து விலக்கு? அவள் இதற்குள் சிக்கிக்கொண்டிருக்கும்போதே வீரபாகு கொம்பை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்ன பேச்சு பேசுறீங்க? எங்க சித்தப்பா போனார். எங்க மச்சான் போனான். இப்ப நிறுத்தினா அவங்க எல்லாம் சும்மாவா போனாங்க? முட்டாளுங்களா அவங்க?"

கூட்டம் கண்கலங்கிக் கைதட்டியது. எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் போயிருந்தார்கள். சடையன் மறுபடி படுத்துக்கொண்டார்.

மறுநாள் அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'புலி. காலிப் பணியிடம் ஒன்று.' இந்தத் தடவை நரி கவனமாக அதை அலுவலகப் பணி என்று அறிவித்து, விதிவிலக்கையும் சேர்த்தே எழுதியிருந்தது. நரி மட்டும் விண்ணப்பிக்கவில்லை. புலிகள் வரும் போகும். செயலாளர் பதவி நிரந்தரம். வரிசை குளத்தங்கரை வரைக்கும் நீண்டது. நேற்று அழுத மான்கள் முன்வரிசையில் நின்றன. முயல்கள் பல்லைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தன.

"மாமிசம் சாப்பிடுவீங்களா?" என்று நேர்காணலில் நரி கேட்டது.

"பழகிக்குவேன்," என்றார் வீரபாகு. அவருக்குத்தான் கிடைத்தது. அவர் உடம்பில் கரியால் கோடு போட்டார்கள்.

அன்று மாலை அவர் கால்ரேகை வைத்தார். "வருக, புலி அவர்களே," என்றது எந்திரம். உள்ளே சடையன் காத்திருந்தார். வீரபாகு எதிரில் உட்கார்ந்தார். சடையனின் காதை மெல்ல வாயில் வைத்தார். முகம் கோணியது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"மெதுவாப் பழகலாம் தலைவரே, நான் எங்க போயிடப்போறேன்," என்றார் சடையன்.

இரவுக்குள் நரி வழி கண்டுபிடித்துவிட்டது. புலி என்பது பொறுப்பு. உண்பது வெறும் வேலை. வேலையை வெளியாளுக்குக் கொடுக்கலாம். ஒப்பந்த ஊழியருக்குப் பதிவு தேவையில்லை, ஒரு வாசல் சீட்டு போதும். மதில் நிழலில் கிழங்குத் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்த பழைய புலியைக் கூப்பிட்டு ஆணையைக் கொடுத்தார்கள். வீரபாகு 'புலி' என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாலைக்குள் சடையன் நிலுவையிலிருந்து நீங்கினார். அடுத்தடுத்த நாட்களில் முற்றம் காலியானது. நிலுவை ஒழிப்புக்காக வீரபாகுவுக்குப் பாராட்டு விழா நடந்தது. அவர் உருக்கமாகப் பேசினார். ஒரு உயிரையும் நான் தின்றதில்லை என்று சொன்னபோது குரல் உடைந்தது. அது உண்மையும்கூட.

விழா முடிந்த மாலை, பழைய புலி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஜன்னலருகே நின்றது. உடம்பு தேறி, தோல் மினுமினுத்தது. கோமளவல்லிக்கு முட்கள் விறைத்தன.

"என்னை மன்னிச்சிடுங்க ஐயா. உங்க பேரை எடுத்தது நான்தான்," என்றாள்.

"தெரியும்மா. ரொம்ப நல்ல காரியம் செஞ்சே." புலி கழுத்தில் தொங்கிய வாசல் சீட்டைச் சரிசெய்துகொண்டது. "மகாராஜாவா இருந்தப்ப ஒவ்வொருத்தர் வீட்டுலயும் என்னைத்தான் திட்டுவாங்க. தூக்கம் வராது. இப்ப யாரும் திட்டுறதில்லை. பேரைச் சொல்றது சர்வர், கையெழுத்துப் போடுறது வீரபாகு, நான் வெறும் ஒப்பந்தம். நிம்மதியாத் தூங்குறேன். பசியும் முன்னைவிட நல்லா எடுக்குது."

அது போய்விட்டது. கோமளவல்லி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னும் ஒரே ஒரு தடவை எதிர்பாராத பிழை வந்துவிடாதா என்று நினைத்துக்கொண்டே, 'இன்று யார்?' என்று தட்டினாள்.

பதில் உடனே வந்தது.

நீதி: எந்தப் பட்டியலிலும் உங்கள் பெயர் இல்லையே என்று வருந்தாதீர்கள், ஒப்பந்த அடிப்படையில் யாரை வேண்டுமானாலும் சாப்பிடலாம்.